மலைமேல் மழுங்கிய காது

சுரங்கப்பாதை வேலையில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

வெடி வைத்துப் பாறையை உடைத்து, புகை அடங்கியதும் முதல் ஆளாக உள்ளே போகிறவர் அவர்தான். கையில் ஆறடி இரும்புக் கம்பி. தலைக்கு மேலே இருக்கும் பாறையை அதனால் தட்டிக்கொண்டே போவார். பாறை உறுதியாகப் பிடித்திருந்தால் கணீர் என்று மணி மாதிரி சத்தம் வரும். உள்ளுக்குள் விரிசல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தால் 'பொத்' என்று பூசணிக்காயைத் தட்டியது போலக் கேட்கும். கணீர் என்றால் "சரி" என்பார். பொத் என்றால் "இறக்கு" என்பார். இறக்கு என்ற இடத்தைக் கடப்பாரையால் நெம்பிக் கீழே தள்ளிவிட்டுத்தான் மற்றவர்கள் அடியெடுத்து வைப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் இதே வேலை. ரயிலுக்கு, தண்ணீருக்கு, சாலைக்கு என்று எத்தனையோ சுரங்கம். அவர் சரி சொன்ன கூரையிலிருந்து ஒரு கூழாங்கல் விழுந்து யார் தலையும் வீங்கியதில்லை.

பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் ஒதுங்காதவர். பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள்கூட அவர் தட்டி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். அந்த மௌனம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். வெளியே சொன்னதில்லை.

உயரமான மலை ஒன்றைக் குடைந்து சாலை போடும் வேலைக்கு அவரைக் கூப்பிட்டபோது, தங்கையின் கணவனையும் சேர்த்துக்கொண்டார். அவன் துளை போடும் இயந்திரம் ஓட்டுகிறவன். வாய் ஓயாதவன். கிளம்புகிற அன்று தங்கை வாசல்வரை வந்தாள்.

"அண்ணா, இவர் மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க."

"கண்ணு எதுக்கு? உங்க அண்ணன் காதாலயே என்னைப் பாத்துக்குவார்" என்றான் மாப்பிள்ளை. "நீ இங்க அடுப்படியில என்னைத் திட்டினாக்கூட மச்சானுக்கு மலையில கேட்டுடும். பாத்துத் திட்டு."

அவர்களுடைய ஆறு வயது மகள் அப்பாவின் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கனம் தாங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

முகாம் நாலாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் இருந்தது. தகர அறைகள், ஜெனரேட்டர், எந்தப் பக்கம் திரும்பினாலும் பனி. பிஸ்கட் பாக்கெட்டுகள் பலூன் மாதிரி உப்பிக் கிடந்தன. தண்ணீர் சீக்கிரம் கொதித்தது, ஆனால் டீ சூடாகவே இருக்காது. பத்துப் படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். முதல் இரண்டு நாள் இருவருக்கும் தலைவலி, வாந்தி. முகாம் நர்ஸ் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். எண்பத்திமூன்று என்று காட்டியது.

"கீழ இருந்தா இது தொண்ணூத்தெட்டு காட்டும். இங்க காத்துல ஆக்சிஜன் கம்மி, எல்லாருக்கும் இப்படித்தான். பழகிடும்" என்றார் நர்ஸ்.

பழகவும் செய்தது. தலைவலி போயிற்று, பசி வந்தது. ஆனால் மூன்றாவது வாரத்தில் கூரை முழுக்கப் பொத் பொத் என்று கேட்க ஆரம்பித்தது. தட்டிய இடமெல்லாம் காதுக்காரர் "இறக்கு" என்றார். ஆட்கள் நெம்பினார்கள். கடப்பாரை வளைந்ததே தவிர பாறை அசையவில்லை. இன்ஜினியர் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, பாறை இரும்பு மாதிரி இருக்கிறது என்றார். இரண்டு முறை, மூன்று முறை இப்படியே நடந்தது. மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, நான் காதுக்காரரைத்தான் கூப்பிட்டேன். வந்திருக்கிறது பயந்தாங்கொள்ளியா இருக்கே? ஒரு நாள்ல முடியுற வேலைக்கு மூணு நாள் ஆகுது."

ஆட்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "மச்சான் இறக்குன்னா இறக்குறதுதான். உங்க தலையில விழுந்தா தெரியும்" என்று எகிறினான்.

அதே வாரம் காதுக்காரருக்கு லேசாகக் காய்ச்சல். நர்ஸ் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எடுங்கண்ணே, எப்பவோ அடிச்சிடுச்சே" என்றார்.

"என்ன அடிச்சது?"

"பீப் பீப்னு கத்துச்சே, கேக்கலையா?"

"காதுல அழுக்கு" என்று சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்தார்.

நேராகச் சுரங்க வாசலுக்குப் போனார். வாசலருகே முதல் இருபதடியை இன்ஜினியர்கள் பல தடவை சோதித்து, பாறைக்குள் இரும்பு போல்ட் அடித்து இறுக்கி முடித்திருந்தார்கள். அதைவிட உறுதியான பாறை அந்த மலையிலேயே கிடையாது. கம்பியை எடுத்துத் தட்டினார். பொத். இன்னொரு இடத்தில் தட்டினார். பொத். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அங்கேயே ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். கெட்டுப்போனது பாறை அல்ல என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்போதே மேஸ்திரியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை கீழே போகும் லாரியில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கீழே போய் யாராக இருப்பது? காது போன காதுக்காரரை வேலைத்தளத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? இதைத்தான் அந்த மூட்டையில் உட்கார்ந்து யோசித்தார். மாப்பிள்ளையைப் பற்றி அப்போது யோசிக்கவே இல்லை. பின்னால் அவரை அரித்துத் தின்றது அதுதான்.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். உறுதியான பாறை இப்போது தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அதை மனப்பாடம் செய்துகொண்டால் போதும் என்று நினைத்தார். தினமும் வேலை தொடங்குமுன் வாசலில் நின்று தட்டிப் பழகினார். உறுதியான பாறையின் பொத்துக்கும் விரிசல் பாறையின் பொத்துக்கும் நடுவே நூலளவு வித்தியாசம் இருந்தது. கம்பி கையில் அதிரும் விதத்தையும் சேர்த்துக்கொண்டார். 'இந்த மழுக்கம் என் காதோடது, பாறையோடது இல்ல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, "சரி" என்றார். மூன்று வாரம் ஒரு தப்பும் நடக்கவில்லை. வேலை வேகம் பிடித்தது. மேஸ்திரி அவர் தோளில் தட்டி, "இப்பத்தான் நம்ம பழைய ஆள் வந்திருக்கார்" என்றார். அவருக்கும் அதில் ஒரு பெருமை.

நாற்பத்தி நான்காம் நாள் காலை பத்து மணி. வெடிப்புகை அடங்கியதும் உள்ளே போனார். இடது பக்கம், சுவர் கூரையாக வளையும் இடத்தில், ஒரு தட்டு அவரை நிறுத்தியது. மறுபடி தட்டினார். மறுபடியும். மூன்றாவது தட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக் கேட்டார். பின்னால் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை இயந்திரத்தைத் தயார் செய்துகொண்டிருந்தான்.

"சரி" என்றார் காதுக்காரர்.

பாறை விழுவதற்கு முன்னால் மண் உதிரும். மெல்லிய சத்தம், காகிதத்தில் சர்க்கரை கொட்டுவது மாதிரி. கீழே வேலை பார்த்த சுரங்கங்களில் எத்தனையோ தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆட்களை விரட்டியிருக்கிறார். அன்று அது கேட்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் தூசி ஒரு கோடாக இறங்குவதைத்தான் பார்த்தார். மாப்பிள்ளை அதற்கு நேர் கீழே இயந்திரத்தோடு நின்றிருந்தான், அவர் முப்பதடி தள்ளி.

"மாப்ள! வெளிய வா!"

இயந்திரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. இடம் அமைதியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். சிரித்தான். என்ன என்று கேட்பதுபோல ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்தான்.

அதோடு சரி.

பாறையை அகற்ற நாலு மணி நேரம் ஆயிற்று. உடலோடு அதே வண்டியில் காதுக்காரரும் கீழே இறங்கினார். வளைவு வளைவாக இறங்க இறங்க, டிரைவரின் இருக்கை கிறீச்சிடுவது அவருக்குக் கேட்க ஆரம்பித்தது. அடுத்த நாள் துக்க வீட்டில், மூன்றாவது அறையில் யாரோ மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது. தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டார். துக்கம் தாங்காமல் செய்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

விசாரணை வைத்தார்கள். ஆறாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காதைச் சோதிக்கச் சொன்னார்கள். சத்தம் நுழையாத சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார் காது டாக்டர் அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும், சுருக்கமாகப் பேசுகிறவர். முடித்ததும் தாளைப் பார்த்து வியந்தார்.

"உங்க வயசுக்கு இப்படி ஒரு காதை நான் பாத்ததே இல்ல."

வேறொரு நாளாக இருந்தால் அவர் இதைக் கேட்டு மீசையை முறுக்கியிருப்பார். அன்று தலை கவிழ்ந்தார். காது நன்றாக இருக்கிறது என்றால் கவனம்தான் இல்லை என்று அர்த்தம். மேஸ்திரி அப்படியே எழுதிக் கொடுத்தார். குடித்திருப்பார் என்று முகாமில் யாரோ சொன்னது ஊர்வரை வந்தது. தங்கை விசாரணை அறைக்குள் நுழைந்து சத்தம் போட்டாள்.

"எங்க அண்ணன் வாயில ஒரு சொட்டு ஊத்தினதில்ல. தாலி கட்டின புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறேன், நானே சொல்றேன். அவர் மேல தப்பு இல்ல."

கணவன் போய்ப் பதினொரு நாள்கூட ஆகவில்லை. அண்ணனுக்காக அவள் நிற்கிறாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் அம்மாவுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அவரைத் திரும்பக் கூப்பிட்டார்.

"நீங்க வேலை பாத்த இடம் எவ்வளவு உயரம்?"

சொன்னார்.

"அப்ப நான் உங்களைத் தப்பான இடத்துல சோதிச்சிருக்கேன்." பேனாவால் மேசையைத் தட்டினார். "காதுக்குள்ள இருக்கிற நரம்புக்கு ரத்தத்துல நிறைய ஆக்சிஜன் வேணும். உயரத்துல அது குறையும். எல்லாருக்கும் காது மந்தமாகும்னு சொல்ல முடியாது. சிலருக்கு மெல்லிசான, கூர்மையான சத்தம் முதல்ல மங்கலாம். கேட்டது மூளைக்குப் போய்ச் சேரவும் நேரம் ஆகலாம். கீழ வந்ததும் சரியாகிடலாம். மேல வச்சுப் பாத்தாத்தான் தெரியும். வருவீங்களா?"

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். ஒத்துக்கொண்டார். காதுக்காரர் மீண்டும் மலையேறினார். முகாமிலேயே அமைதியான இடம் மாவு மூட்டைகள் அடுக்கிய சேமிப்பறை. ஜெனரேட்டரை அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, டாக்டர் அம்மா முதலில் தன் காதையே சோதித்துக்கொண்டார். பிறகு அவரை. வந்த அன்று பெரிய மாற்றமில்லை. காதுக்காரரை முகாமிலேயே தங்கச் சொல்லி, நர்ஸுக்கு இயந்திரத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு டாக்டர் அம்மா கீழே போனார். பதினெட்டாம் நாள் திரும்பி வந்து, மறுபடி அவரை மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்தார்.

காதுக்காரர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்து நிமிர்ந்தபோது, டாக்டர் அம்மாவின் விரல் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியிருந்தது.

வேறு ஆறு பேரையும் சோதித்தார்கள். இரண்டு பேருக்கு இதே மாதிரி. நாலு பேருக்கு ஒரு குறையுமில்லை.

கீழே விசாரணை அலுவலகத்தில் அறிக்கை தயாரானது. அதிகாரி வாசித்துக் காட்டினார். உயரத்தால் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது, குடி இல்லை, அலட்சியம் இல்லை. கடைசியில் ஒரு வரி: 'இக்குறையைத் தொழிலாளி அறிந்திருக்கவில்லை.'

"கையெழுத்துப் போடுங்க. இதோட உங்க பேருல ஒண்ணும் இருக்காது."

காதுக்காரர் பேனாவை வாங்கினார். தாளில் வைத்தார். எடுத்தார்.

"அந்தக் கடைசி வரி..." என்றார்.

அதிகாரி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்தார். "நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். நிதானமா யோசிங்க."

தங்கை வெளியே நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், "முடிஞ்சுதா? வாங்க, போலாம்" என்று பையை எடுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"காது மந்தமானது. மூணாவது வாரமே தெரியும். யார்கிட்டயும் சொல்லல."

அவள் புரியாதவள் மாதிரி அவர் வாயையே பார்த்தாள். தெர்மாமீட்டர் முதல் வாசலில் தட்டிப் பழகியதுவரை எல்லாவற்றையும் சொன்னார். மூன்று தட்டு தட்டியதையும் சொன்னார். பியூன் ஒருவன் கோப்புகளைச் சுமந்துகொண்டு அவர்களைக் கடந்து போனான்.

"மூணாவது தடவை தட்டும்போது... சந்தேகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இருந்தும் சரின்னீங்க."

"ஆமா."

"அவரைக் கூப்பிட்டீங்களாண்ணா? கல்லு விழுறப்போ?"

"கத்திக் கூப்பிட்டேன். திரும்பினான். காதுல கை வச்சு, என்னன்னு கேட்டான். அவனுக்கும் கேக்கலம்மா."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை.

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கலாம். எனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஒரு அண்ணனாவது மிச்சம் இருந்திருப்பார்."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். கூடவே எழுந்தவர் நின்றுவிட்டார். அவள் செருப்புச் சத்தம் மூன்று மாடியும் இறங்கி, வாசல் தாண்டி, தெருச் சத்தத்தில் கலக்கும்வரை அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

அதிகாரி டீ குடித்துவிட்டு வந்தபோது காதுக்காரர் அந்த வரியை அடிக்கச் சொன்னார். உண்மையைச் சொன்னார். மேஸ்திரி அவசரப்படுத்தியதைப் பற்றிக் கேட்டதற்கு, "அவர் திட்டினார், சரிதான். சரின்னு சொன்ன வாய் என்னோடது" என்றார். இனி எந்தச் சுரங்கத்திலும் பாறை தட்டக்கூடாது என்று அவருக்கு உத்தரவு போட்டார்கள். மேஸ்திரியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மலை முகாமில் பாறை தட்டுகிறவர்களைப் பத்து நாளுக்கு ஒருமுறை கீழே இறக்க வேண்டும், மாவு மூட்டை அறையில் காதைச் சோதிக்க வேண்டும் என்று விதி வந்தது. டாக்டர் அம்மா விடாப்பிடியாக நின்று அதைக் கொண்டுவந்தார். சுரங்கம் முடிந்து, சாலை திறந்து, வண்டிகள் அந்த இடத்தை நாலே நிமிஷத்தில் கடந்து போகின்றன என்று பிறகு கேள்விப்பட்டார்.

ஒரு துணிக் கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. தங்கை மகளோடு கணவனின் ஊருக்கே போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வார். தங்கை எடுப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். போன் கை மாறும் சத்தம் கேட்கும், பிறகு மகளின் குரல் வரும். பள்ளிக்கூடம், பல் விழுந்தது, பக்கத்து வீட்டு நாய் என்று அவள் அப்பனைப் போலவே மூச்சுவிடாமல் பேசுவாள். அவர் உம் கொட்டுவார். பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். கழுவுவது யார் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது வருஷம் ஒரு ஞாயிறு, பேச்சின் நடுவே சிறுமி நின்றாள். தூரத்தில் ஏதோ முணுமுணுப்பு.

"மாமா, அம்மா கேக்கச் சொல்றாங்க. சாப்பிட்டாச்சா?"

காதுக்காரர் கிடங்கின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லும்மா" என்றார்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. போனை வைத்ததும் கிடங்கை ஒட்டிய தன் அறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து, அரிசியைக் களைந்து உலையில் போட்டார்.